தள்ளிவிட்டால் பிள்ளை நீந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று ஞாயிறுக்கு முன்னால் உங்கள் வாசகர் பகுதியில் பண்டாரவளையிலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருந்தார். 7 வயது மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்து, மூன்று மாதப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டாராம். பிள்ளை தடாகத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுகிறதாம். என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். போன ஞாயிறு ஒருவர் அதற்குப் பதில் எழுதியிருந்தார்: ஒரு தடவை தூக்கித் தண்ணீரில் போடுங்கள், கையைக் காலை அடித்துத் தானாக நீந்தும், எங்கள் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பழகினோம் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. அந்தத் தகப்பன் நம்பி அப்படியே செய்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில் இதை எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவன் இல்லை. டிக்கோயாப் பக்கம் பாடசாலை வேன் ஓட்டுகிறேன். கிழமை நாட்களில் பாடசாலை ஓட்டம். சனிக்கிழமைகளில், இரண்டு வருடத்துக்கு மேலாக, 11 பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கண்டிப் பக்கம் ஒரு நீச்சல் தடாகத்துக்குப் போய்வருகிறேன். ஒரு டீச்சரின் பிள்ளை, இரண்டு கடைக்காரப் பிள்ளைகள், மீதி எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள். தாய்மார் சீட்டுக் கட்டுவது போல மாதாமாதம் சேர்த்துக் கட்டுகிறார்கள். வகுப்பு நடக்கிற நேரம் முழுக்க ஈரத் துவாய்களுக்கு நடுவில் சீமெந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் வேலை. இப்படி நூறு சனிக்கிழமை உட்கார்ந்தாயிற்று. கண்டதைத்தான் சொல்கிறேன்.

தூக்கிப் போடுவது எப்படி இருக்கும் என்று அந்த வாசகரை விட எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு 9 வயது. எங்கள் தோட்டத்துக்குக் கீழே கெசல்கமுவ ஓயாவில், பெரிய பாறைக்கு அடுத்தாற்போல் ஒரு மடு உண்டு. என் தாய்மாமா அதில் மீன் மாதிரி நீந்துவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கப் போன இடத்தில், "ஆம்பளப் புள்ளயா இருந்துகிட்டு என்னடா பயம்" என்று இடுப்பைப் பிடித்துத் தூக்கி வீசினார். எனக்கு ஞாபகம் இருப்பது மூன்று விஷயங்கள். கண்ணுக்கு முன்னால் ஒரே பச்சை. காதுக்குள் பெக்டரி ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். அப்புறம் என் தலைமயிரைப் பிடித்து இழுத்த மாமாவின் கை. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, அவரையும் யாரோ அப்படித்தான் போட்டிருப்பார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு 37 வருடம் நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை. கதிர்காமத்துக்குப் போனால் எல்லோரும் மாணிக்க கங்கையில் முங்கி எழும்புவார்கள். நான் கரையோரம் குந்தியிருந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வேன். முருகன் மன்னிப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எல்லோரும் அப்படித்தான் பழகினோம்" என்று யார் சொல்கிறார்கள்? பழகியவர்தான் சொல்கிறார். பழகாதவன் என்னைப் போலக் கரையில் இருக்கிறான். மடுவோடு போனவன் பத்திரிகைக்குக் கடிதம் எழுத மாட்டான்.

சரி, பிள்ளைகளிடம் வருகிறேன்.

காலை 6 மணிக்கு வேன் கதவைத் திறந்து பிள்ளைகளை ஏற்றும்போது பெற்றோர் சொல்லி அனுப்புவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். "தண்ணிக்குள்ள தலய உடாத, மூக்குல ஏறிரும்." "சேர் சொல்றத கேக்கலன்னா முழுகிப் போயிருவ, பாத்துக்க." "கையப் புடிச்சுக்கிட்டே இரு." எல்லாம் அன்பினால் சொல்வது. அங்கே போனதும் நீச்சல் பழக்குகிற சேர் முதலில் சொல்வது என்ன? தலையைத் தண்ணீருக்குள் விடு, கையை விடு. அம்மா சொன்னதைக் கேட்பதா, சேர் சொல்வதைக் கேட்பதா? 6 வயசுப் பிள்ளை அம்மா பேச்சைத்தான் கேட்கும். அதை நாம் பயம் என்கிறோம். பிடிவாதம் என்கிறோம்.

இதில் தாய்மாரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அம்மா காலையில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். நாங்கள் குடியிருக்கிற தோட்டத்து லயத்துக்குக் கீழே ஆறு ஓடுகிறது. பிள்ளை ஆற்றுப் பக்கம் போகாமல் இருக்க வேலி போட முடியுமா? பயத்தைப் போட்டார்கள். ஆற்றில் மோகினி இருக்கிறாள், காலைப் பிடித்து இழுப்பாள் என்றார்கள். அந்தப் பயம் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அதே வேலியைத் தாண்டித்தான் இன்றைக்கு அந்தப் பிள்ளை வகுப்புக்கு வர வேண்டியிருக்கிறது. வேலிக்கு ஒரு வாசல் வைக்காமல் "ஏன் வர மாட்டேங்குற" என்று அடித்தால் எப்படி?

வாசல் வைப்பதை எங்கள் நீச்சல் சேரிடம் பார்த்தேன். சிங்களப் பொடியன், 26, 27 வயதிருக்கும். தமிழ் அரைகுறை.

என் வேனில் பின் சீட்டு மூலையில் ஒருவன் வருவான். தரம் 1. முதல் மூன்று சனிக்கிழமையும் அவன் வேனை விட்டே இறங்கவில்லை. சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தான். மூன்றாம் கிழமை நானே கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நாலாம் கிழமை சேர் வேனடிக்கு வந்தார். கையில் ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு வெறும் பிளாஸ்டிக் போத்தலும். நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி மூடினார். மற்றதை வெறுமனே மூடினார். "எது முழுகும்?" என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை, ஆனால் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டான். சேர் இரண்டையும் வாளியில் போட்டார். தண்ணீர்ப் போத்தல் மெல்ல அடிக்குப் போனது. வெறும் போத்தலை அவர் கையால் அமுக்கி அமுக்கி விட்டார், அது துள்ளித் துள்ளி மேலே வந்தது. "நான் அமுக்குறேன்" என்று பையன் இறங்கிவிட்டான். இறங்கியது வாளிக்காக. தடாகத்துக்காக இல்லை.

அப்புறம் சேர் அவன் நெஞ்சில் விரலால் தட்டி, "இங்கயும் போத்தல் இருக்கு. ஹுஸ்ம கன்ன" என்றார். மூச்சை இழு என்று சிங்களத்தில். பையன் கன்னம் இரண்டும் உப்ப மூச்சை இழுத்தான். "மூடி போடு" என்றார். வாயை இறுக்கி மூடினான். "இப்ப நீ முழுகுற போத்தலா, மிதக்குற போத்தலா?" அவ்வளவுதான் அன்றைய பாடம். திரும்பி வரும்போது கினிகத்தேனை வரைக்கும் கன்னத்தை உப்பிக்கொண்டே வந்தான். கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அடுத்த கிழமை படிக்கட்டில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தான். அதற்கடுத்த கிழமை தண்ணீருக்குள் வாயை வைத்து அவன் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். பெயர் வரவில்லை, குமிழிதான் வந்தது. அவனே சிரித்து, இரண்டு மிடறு குடித்து, இருமி, திரும்பவும் வாயை வைத்தான். சுவரை விடுவதற்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. இப்போது சனிக்கிழமை 4 மணிக்கே எழும்பி வீட்டாரைத் தூங்க விடுவதில்லை என்று அவன் அப்பாயி என்னிடம் முறைப்பாடு வைக்கிறார்.

அந்தக் குமிழி விளையாட்டை வீட்டிலும் செய்யலாம். ஒரு பேசின் தண்ணீர் போதும். முகத்தை வைத்து மூக்கால் "ம்ம்ம்" என்று முனக வேண்டும். மூக்கு வழியாகக் காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும் வரை தண்ணீர் உள்ளே ஏறாது. பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல செய்தி வேறு கிடையாது. எங்கள் லயத்தில் வகுப்புக்கே போகாத பிள்ளைகள்கூட இப்போது பீலிக்கரையில் பேசினை வைத்து முனகிக்கொண்டு கிடக்கிறார்கள். கேட்பவர்களுக்கு ஏதோ பூசை நடக்கிறது என்று தோன்றும்.

நாவலப்பிட்டி தாண்டினால் பிள்ளைகளுக்கு அலுப்பு வந்துவிடும். பாட்டுப் போட்டால் சண்டை. அதனால் ஒருநாள் ஆழிக்குமரன் ஆனந்தன் கதையைச் சொன்னேன். வல்வெட்டித்துறைக்காரர். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், திரும்பி நீந்தியே வந்தவர். 51 மணித்தியாலம். அவருக்கு முன்னால் 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்ததையும் சொன்னேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை. வேனில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் நடு சீட்டிலிருந்து முதல் கேள்வி வந்தது: "மாமா, 51 மணித்தியாலம்னா ஒண்ணுக்கு எங்க போனாரு?"

அதற்குப் பிறகு கேள்வி மழைதான். தூங்கினாரா, சுறா வந்ததா, பசித்தால் என்ன செய்தார். எனக்குத் தெரியாததைச் சேரிடம் கேட்டு வந்து அடுத்த கிழமை சொன்னேன். இப்படித் தூர நீச்சல் நீந்துகிறவர்கள் கூட வருகிற படகைத் தொடக் கூடாதாம். சாப்பாட்டைக் கம்பிலோ கயிற்றிலோ கட்டி நீட்டுவார்களாம். "அப்ப பணிஸ நூல்ல கட்டி உடுவாங்களா?" என்று கேட்டாள் இரட்டைச் சடைக்காரி ஒருத்தி. அன்றைக்கு அவர்களாகவே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். தடாகத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் இந்தச் சுவர் தலைமன்னார், அந்தச் சுவர் தனுஷ்கோடி. பலகையைப் பிடித்துக் காலை அடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இந்தியாவுக்குப் போனார்கள். அதுவரை "நாலு தடவை போய் வா" என்றால் முகம் சுளித்தவர்கள், அன்றைக்கு நேரம் முடிந்தும் ஏற மாட்டோம் என்றார்கள். இப்போது சேரும் "தலைமன்னார் யன்ன", அதாவது தலைமன்னாருக்குப் போ என்றுதான் விசில் ஊதுகிறார். 2021இல் விமானப்படைக்காரர் ரொஷான் அபேசுந்தர அதே கடலை 28 மணித்தியாலத்துச் சொச்சத்தில் போய்வந்து ஆனந்தனின் நேரத்தை முறியடித்ததை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். அன்று முதல் பொடியன்களில் இரண்டு பேர் ரொஷான், மற்றவர்கள் ஆனந்தன். சண்டை இன்னும் தீரவில்லை.

"ஆனந்தன் மாமா இப்ப எங்க இருக்காரு?" என்று ஒருநாள் கேட்டார்கள். மழுப்பலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று உள்ளதைச் சொன்னேன். 1984இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே இறந்துபோனார், அந்தத் தண்ணீர் ரொம்பக் குளிர் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு இரட்டைச் சடைக்காரி சொன்னாள்: "அதான் ஒதடு கறுத்தா சேர் வெளிய வரச் சொல்றாரு."

பண்டாரவளைத் தகப்பன் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். மலைநாட்டில் நாம் பயம் என்று நினைப்பதில் பாதி குளிர். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை 25 மடங்கு வேகமாக இழுக்கும் என்று சேர் சொல்வார். சின்ன உடம்பு பெரிய உடம்பைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். தண்ணீருக்குள் நிற்கிற தகப்பனுக்கு இதமாக இருக்கும், பக்கத்தில் பிள்ளை வெடவெடத்துக்கொண்டிருக்கும். போன கிழமை பல்லுக் கிட்டிப்போய் வீட்டுக்கு வந்த பிள்ளை இந்தக் கிழமை கேட்டைப் பிடித்துக்கொண்டு அழத்தான் செய்யும். எங்கள் சேர் சின்னவர்களை அரை மணித்தியாலத்தில் ஏற்றிவிடுவார். ஏறியதும் தலையைத் துவட்டி, உலர்ந்த துணி, கம்பளித் தொப்பி, பிளாஸ்கில் இஞ்சி போட்ட சாயத்தண்ணி. அந்தத் தொப்பிகளை நான் வேன் டேஷ்போர்டில் வெயில் படுகிற இடத்தில் வைத்துச் சூடாக்கி வைப்பேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, கொஞ்சம் பெருமை உண்டு.

சாயத்தண்ணியோடு, மீன் வைத்த மாலு பணிஸ். உண்மையைச் சொன்னால் இரண்டு மூன்று பேர் பணிசுக்காகத்தான் வருகிறார்கள். அதனால் என்ன? நாங்கள் கோயிலுக்குப் போனது பொங்கலுக்காகத்தானே. ஆனால் பணிஸ் எல்லோருக்கும் உண்டு, நீந்தியவனுக்கும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கும். ஒரு தகப்பன் மகனுக்கு, தனியாக நீந்திக் காட்டினால் சைக்கிள் என்று சொல்லிவைத்தார். அந்தப் பொடியன் தண்ணீரைக் கசாயம் மாதிரியும் சைக்கிளைச் சீனி மாதிரியும் பார்க்கத் தொடங்கினான். "இன்னும் எத்தன நாளு?" என்பதுதான் அவன் பேச்சு. சைக்கிள் கிடைத்த அடுத்த கிழமை வேனில் அவன் சீட் காலி.

சின்னச் சின்ன விஷயங்களில்தான் பிள்ளையின் மனம் கெடுகிறது. கண்ணாடி ஒன்று. நடைபாதையில் வாங்குகிற நீச்சல் கண்ணாடி பெரியவர் முகத்துக்குச் செய்தது, தண்ணீர் உள்ளே வரும், கண் எரியும். வாங்கும்போது பட்டியைப் போடாமல் சும்மா கண்ணில் அமுக்கிப் பாருங்கள், கையை எடுத்த பிறகும் ஒரு நொடி ஒட்டிக்கொண்டிருந்தால் அது அந்த முகத்துக்கு அளவு. வாங்கியதும் வீட்டில் போட்டுக்கொண்டு திரியட்டும். எங்கள் வேனில் ஒருத்தி அதைப் போட்டபடியே கணக்குச் செய்வாள். அடுத்தது பருத்தி பெனியன். நனைந்தால் ஈயம் மாதிரி கனத்து இழுக்கும். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு உடுப்பு என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறும். முழுக்கையும் கணுக்கால் வரைக்கும் மூடின நீச்சல் உடுப்பே கடையில் இருக்கிறது. அதை வாங்கிக்கொடுத்து இரண்டு பேர் இன்னும் வருகிறார்கள். மூன்றாவது பிள்ளை வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். 11 பேரில் அவள்தான் வேகம். வீட்டில் போய்ப் பேசிப் பார்த்தேன், "கறுத்துப் போறா, தலமயிரு கொட்டுது" என்றார்கள். உண்மைக் காரணம் அது இல்லை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

கடைசியாக எண்ணெய். சனிக்கிழமை நம் வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைக்கிற நாள். எண்ணெய்த் தலையில் நீச்சல் தொப்பி நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்க் கண்ணை மூடும், தண்ணீரும் படலம் கட்டும். சேர் கோபப்பட்டு நான் பார்த்தது எண்ணெய்த் தலைக்கு மட்டும்தான். வெள்ளிக்கிழமையே எண்ணெய் வைத்துத் தலை முழுகிவிடச் சொல்லுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஆகஸ்ட் லீவில் போத்தல்காரன் என்னிடம் வந்து, "மாமா, ஒங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்றான். வேனைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்றேன். "வேன் எங்கயும் ஓடாது மாமா" என்றான். 11 பேரும் சேர்ந்து கத்தத் தொடங்கிவிட்டார்கள். சேர் ஒரு அரைக் காற்சட்டை கொண்டுவந்து தந்தார். 46 வயதில், நெஞ்சளவு தண்ணீரில், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், முழங்கால் நடுங்குகிறது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். "ம்ம்ம் சொல்லுங்க மாமா" என்கிறாள் ஒருத்தி. சொன்னேன்.

பிறகு மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். சேரின் ஒரு கை என் பிடரியில், ஒரு கை முதுகில். காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் அதே இரைச்சல், 9 வயதில் கேட்டது. உடம்பு தானாக விறைத்தது. விறைத்ததும் கால் கீழே போனது. "வானத்தப் பாருங்க ஐயே, வயித்தத் தூக்குங்க, போத்தல நெரப்புங்க" என்றார் சேர். ஐயே என்றால் சிங்களத்தில் அண்ணன். மேலே ஒரு தென்னையின் ஓலை மட்டும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு மூச்சை நிரப்பினேன். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது எங்கோ தூரத்தில் கேட்கிறது. எட்டு என்ற சத்தம் கேட்டபோதுதான் முதுகில் கை இல்லை என்பது தெரிந்தது. தெரிந்த உடனே மடங்கி, முழுகி, கோவணாண்டி போல எழும்பி நின்றேன். மூக்கு, வாய் எல்லாம் தண்ணீர். அவர்கள் தட்டிய கைதட்டலில் தடாகத்து முதலாளி ஆபீசை விட்டு வெளியே வந்து பார்த்தார்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதுவரை ஆழமான பக்கம் போகாத இரண்டு பிள்ளைகள், நான் ஏறிய பிறகு தாங்களாகவே சேரிடம் போய்க் கேட்டுப் போனார்கள். வளர்ந்த மனுசனும் பயப்படுவான், நடுங்குவான், அவனை யாரும் ஏச மாட்டார்கள் என்று கண்ணால் கண்டார்கள். நான் நூறு சனிக்கிழமை "பயப்படாத, பயப்படாத" என்று சொன்னது ஒருவருக்கும் பிரயோசனப்படவில்லை. எனக்கு இப்போது ஒரு நிமிடத்துக்கு மேல் மிதக்க வரும். தனுஷ்கோடி போய்ச் சேரவில்லை, நடுக்கடலில்தான் நிற்கிறேன்.

பெஞ்சில் இருக்கிற பெற்றோரைப் பற்றியும் இரண்டு வரி. லீவு நாட்களில் சிலர் கூட வருவார்கள். சேர் ஒன்று சொல்லும்போது அப்பா கரையிலிருந்து வேறொன்று கத்துவார். "அவளப் பாரு, எப்புடி போறான்னு" என்பார். கையில் போன், வீடியோ. பிள்ளை நீந்தாமல் போனையே பார்க்கும். வீடு திரும்பும்போது எத்தனை தூரம் நீந்தினாய் என்று கேட்பவரின் பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறது. இன்றைக்கு என்ன விளையாட்டு என்று கேட்பவரின் பிள்ளை கதை சொல்லி முடிவதில்லை. என் கண்ணாடியில் இரண்டும் தெரியும்.

ஆசை கூடினால் வேறொரு பயம் எனக்கு வருகிறது. டிக்கோயாப் பக்கம் வேன் ஓடுகிற வழியில் காசல்ரீ நீர்த்தேக்கம் கீழே தெரியும். "அங்க போய் நீந்திக் காட்டவா மாமா" என்று ஒருவன் கேட்டான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நீர்த்தேக்கத்தில் கரை சட்டென்று சரியும், சேறு காலைப் பிடிக்கும், குளிர் வேறு. மழை நாட்களில் அணைகளின் வான்கதவைத் திறந்தால் கீழே ஆறு திடீரென்று ஏறும். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 இலட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு கணக்குச் சொல்கிறது. 6 வயதுக்கு மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீச்சலையும் தண்ணீரில் பாதுகாப்பாக இருப்பதையும் சேர்த்தே கற்பிக்கச் சொல்வதும் அவர்கள்தான். அதனால் வேனில் ஒரு சட்டம்: நீந்தத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் தண்ணீருக்குள் இல்லையென்றால் இறங்கக் கூடாது. அதை மீறினால் பணிஸ் இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மோகினியைத் திரும்பக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை.

ஆசிரியர் ஐயா, ஜூலை 25 நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாள். அந்தக் கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில் தடாகத்தைப் பற்றிப் பிள்ளைகள் வரைகிற படங்களுக்குக் கொஞ்சம் இடம் தந்தால் எங்கள் வேன் பிள்ளைகள் எல்லோரும் அனுப்புவார்கள். தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் இப்போதே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

பண்டாரவளைத் தகப்பனுக்கு: கட்டிய பணம் போகிறதே என்று பார்க்காதீர்கள், இரண்டு கிழமைக்கு மகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். கூட்டிக்கொண்டு போய்க் கரையில் சும்மா இருங்கள், மற்றப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கட்டும். காலை வகுப்பாக இருந்தால் வெயில் ஏறிய நேரத்துக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். "ஏன் பயப்படுற" என்று மகளிடம் கேட்காதீர்கள், "எது புடிக்கல" என்று கேளுங்கள். குளிரா, கண்ணாடியா, விசில் சத்தமா, பக்கத்தில் ஒருவன் தண்ணீர் தெறிக்கிறானா, ஏதோ ஒன்றைச் சொல்லும். அதை மட்டும் சரிசெய்யுங்கள். முடிந்தால் நீங்களும் இறங்குங்கள். நீந்தத் தெரியாது என்றால் அதுவும் நல்லதுதான், மகள் சொல்லிக்கொடுப்பாள்.

இப்படிக்கு,
ஒரு வேன் சாரதி,
டிக்கோயா.

பி.கு.: போத்தல் விளையாட்டை வீட்டில் காட்டுவதென்றால் தண்ணீரை வாய் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். கொஞ்சம் காற்று இருந்தாலும் முழுக வேண்டிய போத்தலும் மிதந்து நம்மைப் பொய்யனாக்கிவிடும். என் சொந்த மகளுக்கு முன்னால் எனக்கு அது நடந்தது.